பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து புள்ளி ஒன்று: சிக்கன ஒலியியல் குறித்து ஒரு சிறுநூல்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது நம் மரபில் இல்லை. எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றையாவது முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நன்னூலார் கேட்கிறார், சொல்லிவிடுகிறேன்.

எல்லை: பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட வீட்டுக் கூடம். கேட்போர்: பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு, பழைய 5.1 செட்டை எடுத்துப்போட்டுவிட்டுப் புதியதாக ஏதாவது வாங்கலாமா என்று யோசிப்பவர்கள். நுதலிய பொருள்: வீட்டில் படம் பார்க்கும்போது ஒலி எப்படி இருக்க வேண்டும், அதற்கு எந்த வரிசையில் செலவு செய்ய வேண்டும் என்பது. பயன்: வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு வசனம் புரிவது.

கடைசியில் சொன்னதே இந்நூலின் கொள்கை. சோபாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, “என்னடா சொன்னான்?” என்று பேரனைக் கேட்காமல் ஒரு படத்தை முழுதாகப் பார்த்து முடித்தால் அந்த வீட்டு ஒலியமைப்பு தேறியது. சண்டைக்காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்வதை வைத்து அதை அளக்கக்கூடாது.

இந்தக் கொள்கைக்கு வயது தொண்ணூறுக்கும் மேல். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேச, திரையில் மனிதர் வாய் திறந்து பேசுவதே அதிசயமாக இருந்த காலம் அது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மனைவியோடு படம் பார்க்கப் போனவர், திரையின் ஒரு ஓரத்தில் நடிகர் நிற்க, குரல் மட்டும் வேறு இடத்திலிருந்து வருவதைக் கவனித்தார். அவரால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஆள் நகர்ந்தால் குரலும் கூடவே நகர வேண்டும் என்று முடிவு செய்து அவர் எழுதியதுதான் ஸ்டீரியோ என்று இன்று நாம் அழைக்கும் அத்தனைக்கும் அடிப்படை. 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து, நாற்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார்.

வாய் இருக்கும் இடத்தில் குரலும் இருக்க வேண்டும் என்ற அவரது கோரிக்கை நம் வீடுகளில் இன்னும் நிறைவேறவில்லை. பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கர் திரைக்குப் பக்கத்திலேயே முன்னோக்கி இருந்தது. இன்றைய மெலிந்த டிவியில் அதற்கு இடமில்லை. கீழ் விளிம்பில் தரையைப் பார்த்தோ, முதுகுப்புறம் சுவரைப் பார்த்தோ இருக்கிறது. கதாநாயகி பேசுவது முதலில் சுவருக்குக் கேட்டு, பிறகுதான் நமக்குக் கேட்கிறது. படம் வருடாவருடம் துல்லியமாகிக்கொண்டே போக, பேச்சு மட்டும் பின்னுக்குப் போனதற்கு முதற்காரணம் இதுதான்.

அறையியல்

சிலப்பதிகாரத்தில் மாதவி மேடையேறுவதற்கு முன் இளங்கோவடிகள் அந்த மேடையை அளந்து காட்டுகிறார்: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையில் நான்கு கோல். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் எனக் கலைஞர்களைச் சொன்ன அதே அக்கறையோடு இடத்தையும் சொல்கிறார். அரங்கும் கலையில் ஒரு பங்காளி என்று அவர் கருதியிருக்கிறார். நம்மில் ஸ்பீக்கர் வாங்கப் போகும் பத்துப் பேரில் எத்தனை பேர் டேப் எடுத்துக் கூடத்தை அளந்துவிட்டுப் போகிறோம்?

அளந்தால் தெரிய வருவது இது. முப்பது டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு நடுவே, அலைநீளத்தில் பாதி சரியாகப் பொருந்தும் ஒலி ஒன்று உண்டு. அந்த ஒலி வந்ததும் அறையே சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். பன்னிரண்டடிச் சுவர்களுக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு 57. நம் கூடத்தின் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி என்பதால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஜோடிச் சுவர்கள் ஒன்றாக முழங்கும். பத்துக்குப் பத்து படுக்கையறையில் மூன்று ஜோடியும் ஒரே சுரத்தில் கூடிவிடும்; ‘டொம்’ என்று அங்கே ஒரே ஒரு பேஸ் மட்டும் எல்லாப் பாட்டிலும் கேட்பதற்குக் காரணம் செட்டு அல்ல. எந்த விலையில் செட்டு வாங்கி வைத்தாலும் அந்த அறை அதைத்தான் பாடும்.

ஆகவே சதுர அறையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். முடியாதென்றால் உட்காரும் இடத்தை மாற்றலாம். அதற்குக் காசு வேண்டாம். இந்த முழக்கம் சுவரோரத்தில் உச்சமாகவும், அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டால் பேஸ் திணறடிக்கும்; சரி நடுவில் போட்டால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள். வீட்டில் நடைபாதை குறைகிறது என்று எதிர்ப்பு வரும். படம் ஓடும் நேரத்துக்கு மட்டும் இழுத்துக்கொள்வது என்ற உடன்படிக்கைக்கு வரலாம்.

பேஸ் விவகாரம் இது. வசனத்தைக் கெடுப்பது வேறொன்று: எதிரொலிப்பு. தரையில் வழவழப்பான டைல்ஸ், நான்கு பக்கமும் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட், ஜன்னலில் கண்ணாடி. வெக்கைக்கும் தூசிக்கும் பொருத்தமான, துடைக்கச் சுலபமான, ஒலிக்கு மட்டும் ஒவ்வாத கட்டுமானம் நம்முடையது. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘டிர்ர்’ என்று ஒரு வால் கேட்டால், ஒவ்வொரு வசனத்தின் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் அதே வால் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். மெய்யெழுத்துகள்தான் முதலில் பலியாகும். ‘பட்டம்’ என்பதும் ‘பத்தம்’ என்பதும் ஒன்றாகிவிடும்.

இதற்கு மருந்து கண்டவர் வாலஸ் சாபின். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புது விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சுமார் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டே இருந்தது. 1895இல் இளம் பௌதிக ஆசிரியரான அவரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. பக்கத்தில் சாண்டர்ஸ் அரங்கில் இருந்த இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும்வரை கடிகாரத்தைப் பார்ப்பார். காலையில் மெத்தைகளை இருந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். கட்டடங்களின் ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில் இருந்து பிறந்தது. அறையின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் எதிரொலிப்பு நேரம் கிடைக்கும். பாஸ்டன் சிம்பொனி அரங்குக்கு (1900) கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் சாபின்தான்.

நம் கூடத்துக்கு அதே கணக்கைப் போடலாம். கொள்ளளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். பூச்சும் டைல்ஸும் நூற்றில் மூன்று பங்கு ஒலியை உறிஞ்சும் என்று கொண்டால் காலி அறையில் எதிரொலிப்பு மூன்று விநாடியை நெருங்கும். படம் பார்க்க அரை விநாடிக்குப் பக்கத்தில் வேண்டும். இதற்காக நுரைப் பலகை விற்பவர்களிடம் போக வேண்டியதில்லை. சாபின் கையாண்ட பொருள் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பரண்மேல் இருக்கிறது. ஆறுக்கு நான்கு இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை டிவிக்கு எதிர்ச்சுவரில் நிமிர்த்திச் சாத்தினால் ஒன்றரை சதுர மீட்டர் அளவு உறிஞ்சும். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, இன்னும் இரண்டு. துணி போட்ட சோபா ஒரு இரண்டு. நான்கு பேர் உட்கார்ந்தால் அவர்களே ஏறத்தாழ இரண்டு. ஆட்கள் நல்ல உறிஞ்சிகள், விருந்தாளி வந்த நாளில் வசனம் கூடுதலாகத் தெளிவதற்கு அதுதான் காரணம். கதவில்லாத புத்தக அலமாரி இருந்தால் சுவரிலிருந்து திரும்பும் ஒலியைச் சிதறடிக்கும். தரையில் ஜமுக்காளம். இவ்வளவும் சேர்ந்தால் முக்கால் விநாடிக்குக் கீழே வந்துவிடும். செலவு, திரைத்துணிக்கு மட்டும்.

மெத்தையைக் கூடத்தில் சாத்தி வைப்பது அழகாக இல்லை என்பார்கள். பழைய பட்டுப்புடவை ஒன்றைப் போர்த்திவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்; மெல்லிய துணி ஒலியைத் தடுக்காமல் உள்ளே விடும்.

குரலியல்

5.1இல் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்தில் படத்தின் வசனம் பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் வருகிறது: நடுவில் வைக்க வேண்டிய சென்டர். இதை அறியாமல் பல வீடுகளில் சென்டரைத்தான் இடமில்லை என்று ஷோகேஸ் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். முன்னால் பொம்மை, பூச்சாடி, ஒரு கல்யாணப் பத்திரிகை. குடும்பத்தின் முழு உரையாடலும் அந்தப் பத்திரிகையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கிறது.

சென்டரை அலமாரித் தட்டின் விளிம்புக்கு இழுங்கள். அதன் முகம் தட்டின் ஓரத்துக்குச் சமமாகவோ ஒரு விரல்கடை வெளியிலோ இருக்கட்டும். உட்கார்ந்தவரின் காதைவிடத் தாழ்வாக இருந்தால் முன்பக்கம் அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து மேலே பார்க்கச் செய்யுங்கள். அதன்பின் செட்டின் மெனுவில் சென்டரின் அளவை மட்டும் மூன்று டெசிபல் ஏற்றுங்கள். இந்த நூல் முழுவதிலும் ஒரே ஒரு பத்தியைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஆனால் அந்த ஸ்பீக்கருக்கு வசனம் போய்ச் சேருகிறதா என்பது தனிக் கேள்வி. டிவியிலிருந்து புளூடூத் வழியாக 5.1 செட்டுக்கு ஒலி கொடுத்திருந்தால் போவது இரண்டே சேனல். இசைக்கான புளூடூத் வழியில் அவ்வளவுதான் செல்லும். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் இழுத்தாலும் இரண்டுதான். ஐந்து பாக்ஸும் பாடும். எல்லாம் ஒரே பாட்டை. பலருக்கு வீட்டில் உள்ள 5.1 வாங்கிய நாள் முதல் 5.1ஆக ஒருநாளும் ஒலித்ததில்லை. போதாததற்குப் புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். உதடு அசைந்த பிறகு சொல் வரும். புளூம்லைன் குரல் இடம் மாறியதற்கே வருந்தினார், இங்கே காலமும் மாறுகிறது.

டிவியின் முதுகில் இரண்டு வாசல்களைத் தேடுங்கள். ஒன்று, ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. ஓட்டை. மற்றது ஆப்டிகல், மூடியை நீக்கினால் உள்ளே சின்னதாகச் சிவப்பு ஒளி தெரியும். இரண்டுமே டால்பி டிஜிட்டல் 5.1ஐக் கடத்தும். பிறகு டிவி மெனுவில் ஒலி வெளியீடு ‘பி.சி.எம்.’ என்றிருந்தால் அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றுங்கள். இந்த ஒற்றை மாற்றத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சென்டரில் வசனமும் பின்னால் மழையும் தனித்தனியாகக் கேட்கும் நாள் ஒன்று வரும். அந்த நிமிடத்தில் ஒரு மனிதரின் முகத்தைப் பார்ப்பது இந்தத் துறையில் ஈடுபட்டிருப்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய கூலி.

பழைய செட்டில் ஆப்டிகல் வாசல் இல்லையென்றால்? பின்னால் ஆறு ஆர்.சி.ஏ. ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், ஆப்டிகலை வாங்கி ஆறாகப் பிரித்துத் தரும் டீகோடர் பெட்டி ஒன்று போதும். சென்னை ரிச்சி தெருவிலும் அதுபோன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் உள்ளங்கையளவில் கிடைக்கும். புது செட்டின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

அடியோடு புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் என் தீர்ப்பு இது. சின்னச் சின்ன ஐந்து பாக்ஸ் கொண்ட மலிவான 5.1ஐவிட, தனிச் சென்டர் கொண்ட 3.1 சவுண்ட்பார் நல்லது. அதைவிடவும் நல்லது, கைமாறி வரும் பழைய ஏ.வி. ரிசீவர். எச்.டி.எம்.ஐ. புதுமைகள் இல்லாத காரணத்தால் அவை விலை சரிந்து கிடக்கின்றன. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், அந்தக் காலத்தில் எதற்குச் செலவு செய்தார்கள் என்று. ஆப்டிகல் உள்வாசல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு முதலில் மூன்று ஸ்பீக்கர். பின்னால் வைப்பதை அடுத்த தீபாவளிக்கு ஒத்திப்போடலாம்.

பின்னால் வைக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்மூட் ஹாஸ் தன் ஆய்வேட்டில் நிறுவியது: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்த பக்கத்திலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது தீர்மானித்துவிடும். நம் கூடத்தில் பின் ஸ்பீக்கர் காதுக்கு மூன்றடியில் இருக்கும், சென்டர் எட்டடியில் இருக்கும். ஒலி ஓரடி கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிவிநாடி. அந்த ஐந்தடி வித்தியாசத்தை ரிசீவரின் மெனுவில் அளந்து கொடுத்துவிட்டால் பின்னால் இருப்பது அவ்வளவு நேரம் காத்திருந்து பேசும். இடம், காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முன்னிரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி, பின்னிரண்டும் 100 முதல் 120 டிகிரி.

ஆற்றலியல்

செட்டின் முகத்தில் ‘3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் படித்தபின் பெட்டியைத் திருப்புங்கள். மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கையால் எழுதியது இருக்கும்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட். சுவரிலிருந்து அறுபது வாங்கி மூவாயிரம் கொடுக்கும் இயந்திரம் உலகத்தில் இல்லை. அறுபதிலும் ஒரு பங்கு சூடாகப் போக, மிச்சம்தான் ஆறு ஸ்பீக்கருக்கும் பகிரப்படுகிறது. கடையில் விலை கேட்பதற்கு முன் இந்தத் தகட்டைப் படியுங்கள். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது, தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்றிருப்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதையும் ஆடவைத்த அசெம்பிள் செட்டுகளில் இருந்த எல்.ஏ.4440 ஐ.சி.யின் கணக்கு, இரண்டு சேனலாக ஆறு ஆறு வாட், பிரிட்ஜ் செய்தால் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதை வைத்துத்தான் பொங்கல் விழா நடந்தது, மாட்டுவண்டியில் பாட்டு ஓடியது. வாட்ஸ் இரட்டித்தால் கிடைப்பது மூன்றே டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையிலான வித்தியாசம் பணப்பைக்குத் தெரியும் அளவுக்குக் காதுக்குத் தெரியாது. பதிலாக ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேளுங்கள்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல்? 85க்குப் பதில் 88 உள்ளதை வாங்கினால் ஆம்ப்ளிஃபயரை இரட்டித்ததற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கும் ஒரே ஒரு வாட்டில் சாதாரணப் பேச்சைவிட உரக்கவே கேட்கும்.

ஊஃபரியல்

‘.1’ என்று குறிக்கப்படும் சேனல் 120 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே உள்ள ஒலிக்கானது. எண்பதுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது என்பதால் ஊஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார்கள். திசை தெரியாது என்பது சரி. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அறையியலில் பார்த்த அந்த 48உம் 57உம் எழும்பும் அல்லது அடங்கும். மூலையில் வைத்தால் எல்லா முழக்கமும் ஒன்றுகூடி எழும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒலி வரும் இடமும் கேட்கும் இடமும் தம்முள் மாறினாலும் விளைவு மாறாது என்ற பௌதிக விதியில் நிற்கிறது. ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாமீது வையுங்கள். பேஸ் சீராக ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, காது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்குமாறு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். இரண்டடிக்கு ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள். ஓரிடத்தில் உறுமும், ஓரிடத்தில் வற்றிப்போகும், ஏதோ ஓரிடத்தில் எல்லாச் சுரமும் சமமாக, தனித்தனியாகக் கேட்கும். அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஊஃபரின் இடம் அது. வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கத் தயங்க வேண்டாம். குழந்தைகளையும் கூடத் தவழவிடுங்கள்; அவர்களது காது நம்முடையதைவிடக் கூர்மை. ஆராய்ச்சி என்பது என்ன என்று அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெரிந்துகொள்வார்கள்.

இடம் அமைந்த பிறகு கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழான ஒலி ஊஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவை கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர்கள் என்றால் 120. ஊஃபர் இருப்பதே தெரியாத அளவுக்கு ஒலியைக் குறைத்து, அணைத்தால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். வசனத்தில் ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

கம்பியியல்

செட்டோடு வரும் மயிரிழை ஒயரை எறிந்துவிடுங்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பில் போக பத்து மீட்டர், வர பத்து மீட்டர் இழுத்தால் 1.7 ஓம் தடை. நான்கு ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஆற்றலில் பாதிதான் போய்ச் சேரும். எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு ஒலியாக மாறாது.

சிவப்பு கறுப்பு மாறாமல் இணைப்பது அடுத்தது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் வற்றி, குரல் இடம் தெரியாமல் மிதக்கும். சந்தேகம் இருந்தால் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளில் நொடிப்பொழுது தொட்டு எடுங்கள். மேலுறையைக் கழற்றி, கூம்பின்மேல் விரல் நுனியை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் சிவப்பில் பட்டதும் கூம்பு ‘டப்’ என்று முன்னால் வந்து விரலைத் தள்ள வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது.

டிவிடி பிளேயரோடு சேர்த்து விற்ற பழைய செட்டின் பாக்ஸுகளைப் புது ரிசீவரில் கொடுக்கும் முன் அவற்றின் முதுகைப் படியுங்கள். பலவற்றில் 3 ஓம் என்றிருக்கும். ரிசீவரில் 6 முதல் 8 ஓம் என்றிருந்தால் சேர்க்கக்கூடாது; அது தாங்காத மின்னோட்டத்தை இது கேட்கும், சூடேறி ஒருநாள் நிற்கும். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று விடாமல் இரைச்சல் வந்தால், அது மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ். கேபிள் டிவி ஒயரை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் வளையம்தான் காரணம். டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர் மூன்றையும் ஒரே மூன்றுமுனைப் பலகையில் கொடுங்கள். எர்த் முனையை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. உயிரோடு விளையாடும் அந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

ஒழிபியல்

மேலியல்களில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்வது இலக்கண நூல் மரபு.

அட்மாஸ் குறித்து. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் 2012இல் ‘பிரேவ்’ படத்தோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ வழியாகத் தமிழுக்கும் வந்துவிட்டது. திரையரங்கில் அது பெரிய அனுபவம். வீட்டில், கூரையைப் பார்த்துப் பாடி அங்கிருந்து எதிரொலிக்கும் ஸ்பீக்கர் வாங்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறி சுற்றுகிறது, நடுவில் உத்தரம் ஓடுகிறது, சில வீட்டில் பரண். தட்டையான, தடையில்லாத கூரை இருந்தால்தான் அது பலிக்கும். இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பணத்தைச் சென்டருக்குக் கொடுப்பதே நியாயம்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் குறித்து. எண்களாகப் போகும் சமிக்ஞை. போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். தங்கமுலாம் வசனத்தைத் தெளிவாக்காது.

இரவு குறித்து. ஒலி குறையக் குறையக் காது பேஸை முதலில் கைவிடுகிறது. 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் இரவில் ஒலியைக் குறைத்தால் இசை சப்பென்று ஆகிறது. கிசுகிசு வசனமும் புரியாமல் போகிறது, ஏற்றினால் அடுத்த காட்சியில் கார் வெடிக்கிறது. ரிசீவரில் ‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கும். உரத்ததைத் தாழ்த்தி, மெல்லியதை உயர்த்தித் தரும். பெரியவர்கள் கூடவிருந்து பார்க்கும் வீட்டில் அதைப் பகலிலும் போடலாம் என்பது என் கருத்து. வெடிச்சத்தத்தின் கம்பீரம் கொஞ்சம் குறையும், அதற்கு ஈடாக ஒரு வசனமும் தவறாது.

அக்கம்பக்கம் குறித்து. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. குரலையும் கிண்கிணியையும் செங்கல் சுவர் தடுத்துவிடும். பேஸைத் தடுக்காது, அது கான்கிரீட் தளம் வழியாக அடுத்த வீட்டுக் கட்டில் கால்வரை போகும். ஆகவே பத்து மணிக்கு ஊஃபரின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுங்கள். சென்டர் ஓடட்டும்.